சுழிப்பிழை: இல்லை

ஒன்பதாம் வகுப்பு ரெக்கார்டு நோட்டில் நான் எழுதிய பொய் ரொம்பச் சின்னது. "சுழிப்பிழை: இல்லை."

வெர்னியர் அளவியின் தாடைகளை மூடி, இரண்டு கோல்களின் சுழிகளும் நேர்கோட்டில் நிற்கின்றனவா என்று பார்த்த பிறகு எழுத வேண்டிய வரி அது. வகுப்புக்கே நாலு கருவிதான். யாருக்குப் பொறுமை? முன்வரிசைக்காரி எழுதியதைப் பார்த்து எல்லோரும் எழுதினோம். இரும்புக் குண்டின் விட்டம் எல்லோருக்கும் ஒரே அளவாக வந்தது. டீச்சர் சிவப்பு மையில் டிக் போட்டார்.

கோயம்புத்தூர் கணபதியில் அப்பாவுக்கு ஒரு பட்டறை இருந்தது. ஒரு லேத், ஒரு டிரில்லிங் மெஷின், மேலே தகரக் கூரை. பம்புசெட் மோட்டாருக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுப்பதுதான் பெரும்பாலும் வேலை. காலையில் லேத்துக்கு ஊதுபத்தி காட்டியதும் வெர்னியரைத் துணியால் துடைப்பார். மூடி, ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடிப்பார். தாடைகளுக்கு நடுவே கீற்று வெளிச்சம்கூடத் தெரியக்கூடாது. அப்புறம் சுழியைப் பார்ப்பார். ஊதுபத்தியை மறந்த நாள் உண்டு, இதை மறந்த நாள் இல்லை.

பள்ளிக்கூட வெர்னியரில் 9 மில்லிமீட்டரைப் பத்தாகப் பிரித்திருப்பார்கள். மீச்சிற்றளவு 0.1 மி.மீ. அப்பாவுடையதில் 49 மில்லிமீட்டரை ஐம்பதாகப் பிரித்திருந்தது. ஒரு பிரிவு 0.98 மி.மீ. முதன்மைக்கோலின் ஒரு மில்லிமீட்டரிலிருந்து அதைக் கழித்தால் 0.02. அவ்வளவு சின்ன வித்தியாசத்தை நம் கண்ணால் நேரடியாக எண்ண முடியாது. ஆனால் ரெண்டு கோடு நேரா நிக்குதா, தள்ளி நிக்குதான்னு கேட்டா, கண்ணு டக்குன்னு சொல்லிடும். கருவியின் மொத்த சூட்சுமமும் இதுதான். 1631-ல் பியர் வெர்னியே என்கிற பிரெஞ்சுக்காரர் இந்த ஏற்பாட்டைப் புத்தகமாக எழுதியது கோணம் அளக்கும் கருவிக்காக. அது எப்படியோ எங்கள் பட்டறை வரைக்கும் வந்து சேர்ந்திருந்தது.

பத்தாவது பரீட்சை முடிந்த விடுமுறையில் மத்தியானச் சோறு கொண்டுபோகிற சாக்கில் காலையிலேயே பட்டறைக்குப் போய்விடுவேன். அப்படி ஒரு நாள். அப்பா டீ குடிக்கப் போயிருந்தார். வெர்னியர் கோடுகள் பொறித்த பட்டையை ரெண்டு குட்டித் திருகுகள் பிடித்திருப்பதை அன்றைக்குத்தான் கவனித்தேன். உள்ளே என்னதான் இருக்கும்? சின்ன ஸ்க்ரூ டிரைவரால் கழற்றினேன். உள்ளே ஒன்றுமே இல்லை. பட்டையைத் திரும்ப வைத்து, சுழிகளைக் கண்ணளவில் பொருத்தி இறுக்கினேன். இறுக்கினதாக நினைத்தேன்.

அன்றைக்கு நாலு ஷாஃப்ட், சாயங்காலம் கொடுத்தாக வேண்டும். 6205 பேரிங் உட்காருகிற இடம். அந்தப் பேரிங்கின் உள்விட்டம் 25 மி.மீ. அப்பா வெர்னியரில் 25.10 காட்டுகிற வரை கடைவார். மிச்சத்தைப் பேரிங்கை வைத்து வைத்துப் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சீவி எடுப்பார். நாலையும் 25.10-க்குக் கொண்டுவந்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். எழுந்து வந்து முதல் ஷாஃப்டில் பேரிங்கை வைத்தார். தட்டவே வேண்டியிருக்கவில்லை. வளையலைப் போல லொடலொடவென்று அதுவாகவே உள்ளே போனது.

நாலும் அப்படித்தான்.

வெர்னியரை மூடிப் பார்த்தார். ஒட்டி நின்றது சுழி இல்லை, பத்தாவது கோடு. 0.20 மி.மீ. நேர் சுழிப்பிழை. ஷாஃப்டின் நிஜ விட்டம் 24.90. கூடுதலாக இருந்தால் சீவிவிடலாம். சீவினதை யார் திருப்பி ஒட்டுவது?

"காலைல பார்த்தனே..." என்றார் அப்பா. என்னைப் பார்க்கவில்லை, கருவியைப் பார்த்துத்தான் சொன்னார். நான் டிபன் கேரியரைக் கழுவுகிறேன் என்று வெளியே போய்விட்டேன். குழாயடியில் நின்றபோது அவர் போனில் பேசியது கேட்டது. "என்ற அளவுல தப்பாயிருச்சுங்க. நாளைக்குக் காலைல கொடுத்தர்றனுங்க."

என்ற அளவுல.

சொந்தக் காசில் ஈஎன்8 கம்பி வாங்கி, ராத்திரி முழுக்க மறுபடியும் கடைந்தார். மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்தார். அந்த ஆள் அதற்குப் பிறகு ஷாஃப்ட் வேலை கொடுத்து நான் பார்க்கவில்லை.

சுழிப்பிழை இருக்கிற கருவியாலும் சரியாக அளக்கலாம். 0.20 என்று தெரிந்துவிட்டால் ஒவ்வொரு அளவிலும் 0.20 கழித்தால் போதும். இது பாடத்திலேயே இருக்கிறது, நானும் மனப்பாடமாக எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். அன்றைக்கு மத்தியானத்துக்குள் "அப்பா, நான் அதைக் கழட்டினேன்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த நாலு ஷாஃப்டும் கெட்டிருக்காது. சாயங்காலம் சொல்லியிருந்தால்கூட, அவர் தன் கண்ணையே சந்தேகப்பட்டிருக்க மாட்டார். அதற்குப் பிறகு கொஞ்ச நாள் ஒவ்வொரு அளவையும் ரெண்டு தரம் பார்த்தார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

வேலைக்குப் போன பிறகு அவருக்கு டிஜிட்டல் வெர்னியர் வாங்கிக் கொடுத்தேன். கண் பார்வை மங்கிவிட்டது, எண் பெரிதாகத் தெரியுமே என்று. சுழி பட்டனை அழுத்திக் காட்டினேன். தாடையைப் பாதி திறந்து வைத்துவிட்டு அப்பாவும் அழுத்திப் பார்த்தார். 0.00 என்று வந்தது.

"இதென்ன அம்மிணி, எங்க நின்னாலும் அதையே சுழிங்குது?"

சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்போடு சிரிப்பாகச் சொல்லிவிட்டேன். "அப்பா, அன்னிக்கு அந்தப் பட்டையக் கழட்டினது நான்தான்."

அப்பா தாடைகளை மூடி, ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார்.

"திருகுத் தலைல புதுசாக் கீறல் இருந்துச்சு" என்றார். வெளிச்சம் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தார்.