பூவிருந்தவல்லியில் ஒரு மாலை

மதரஸா ஆண்டு விழாவில் நூற்றைம்பது பிள்ளைகளுக்குப் பகலுணவு ஏற்பாடு செய்யும் பொறுப்பு என்னிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. அஸர் தொழுகை முடிந்ததும் ஆவடியில் பேருந்து ஏறினேன். பருத்திப்பட்டைக் கடந்து பூவிருந்தவல்லியை அடைந்தபோது பிரியாணிக் கடைகளில் விளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. நெடுஞ்சாலையில் ஆலைப் பேருந்துகள் வரிசையாகப் போயின. சன்னலோரங்களில் களைத்த முகத்துடன் இளம்பெண்கள்.

அவர்களைக் கண்டதும் 2021 டிசம்பர் மாதம் நினைவுக்கு வந்தது. திருப்பெரும்புதூர் பாக்ஸ்கான் ஆலையில் பணிபுரிந்து, பூவிருந்தவல்லிப் பகுதி விடுதியில் தங்கியிருந்த பெண்கள் இருநூற்றைம்பது பேருக்கு மேல் விடுதி உணவினால் நோயுற்றனர். 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். சிலர் இறந்துவிட்டதாகப் பொய்யான வதந்தி பரவவே, தோழியரைத் தேடிய பெண்கள் பெங்களூர் நெடுஞ்சாலையில் அமர்ந்து மறியல் செய்தனர். உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் அந்தச் சமையற்கூடத்தைச் சோதித்தனர். எலிகள் இருந்தன, கழிவுநீர் செல்ல முறையான வழியில்லை. சமையற்கூடம் மூடப்பட்டது. ஆலை மீண்டும் திறந்தது 2022 ஜனவரி 12 அன்றுதான்.

எலிகள் ஒரே இரவில் குடியேறுவதில்லை. அப்பெண்கள் செய்த கைப்பேசி ஒவ்வொன்றும் சோதனைக்குப் பிறகே ஆலையை விட்டு வெளியேறும். அவர்களது சோற்றைப் பார்க்கவோ, அவர்கள் நோயில் விழும்வரை எவரும் வரவில்லை.

சட்டம் இல்லாமலில்லை. 2006-இல் இயற்றப்பட்ட உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2011 ஆகஸ்ட் 5 முதல் நடைமுறையில் உள்ளது. 14 இலக்க உரிம எண் கடையில் கண்ணில் படும்படி இருக்க வேண்டும். பொரித்த எண்ணெயையே மீண்டும் மீண்டும் காய்ச்சினால் அது கெட்டுத் துருவச் சேர்மங்கள் பெருகும். அவை 25 விழுக்காட்டைத் தாண்டிய எண்ணெயைப் பயன்படுத்தலாகாது. கடைத்தெருவைக் கண்காணிப்பது நமக்கும் புதிதன்று. எகிப்தில் வாழ்ந்து 1329-இல் மறைந்த இப்னுல் உகுவ்வா, முஹ்தஸிப் என்னும் அங்காடி அதிகாரிக்காகவே ஒரு கையேடு எழுதினார். இறைச்சி விற்போரையும் சமையற்காரரையும் எவ்வாறு சோதிப்பது என்பதும் அதில் உண்டு.

இவையெல்லாம் அறிந்த நான் முதற்கடையில் என்ன கேட்டேன்? "அறுப்பு யாருடையது?"

"நம்ம ஆளுங்கதான் ஹஜ்ரத், போர்டைப் பாருங்க!" என்றார் கடைக்காரர். முழ நீள எழுத்தில் ஹலால். உரிமச் சான்று நாட்காட்டியின் பின்னால் பாதி மறைந்திருந்தது. ஹலாலோடு தய்யிப், அதாவது தூய்மையானது, என்பதையும் குர்ஆன் சேர்த்துச் சொல்வதை வகுப்பில் எத்தனை முறை விளக்கியிருப்பேன்! வெட்கமாயிருந்தது. உள்ளே பார்க்கலாமா என்றேன். அவர் முகம் சுருங்கியது. பச்சைக் கறி வெட்டிய கட்டையிலேயே, அதைக் கழுவாமல், ஒரு சிறுவன் வெங்காயப் பச்சடிக்கு நறுக்கிக்கொண்டிருந்தான்.

"நம்ம கடையிலேயே சந்தேகமா ஹஜ்ரத்?"

அவர் மனம் நோகாத விடை எனக்குக் கிடைக்கவில்லை. முன்பணத்தைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு ஸலாம் கூறி வெளியேறினேன். அடுத்த கடையில் முதலில் அடுக்களையைக் காட்டச் சொன்னேன். அறுப்பைப் பற்றிப் பிறகு கேட்டேன்.