பாதமில்லாப் பிள்ளைகள்

வடபால் மலைத்தொடர் அரணென நிற்க, மேல்பால் பசிபிக் மாகடல் அலையெறிய வீற்றிருக்கும் வன்கூவர் நகரைக் காணச் செல்வோர், அதன் துறைமுகத்தையும் தொங்குபாலத்தையும் ஸ்ரான்லிப் பூங்காவையும் கண்டு வியந்து திரும்புவர். சென்ற ஆவணி விடுமுறையின்போது அந்நகரில் வாழும் என் தமக்கையார் இல்லத்திற் சில வாரங்கள் தங்கியிருந்த நானும் அவற்றையெல்லாம் கண்டேன், மகிழ்ந்தேன். ஆயினும் ஊர் திரும்பிய பின்னர் என் மனக்கண் முன் வந்து நிற்பவை அவையல்ல. ஓங்கி நிற்கும் ஒரு மரத்தூணும், அதிற் செதுக்கப்பட்ட பாதமில்லாப் பிள்ளைகளுமே.

அத்தூணைப் பற்றி எனக்கு முதலிற் சொன்னவள், அந்நகர்ப் பல்கலைக்கழகத்திற் பயிலும் தமக்கையாரின் மகள். "மாமா, அதைப் பாக்கிறதுக்கு முந்தி இந்தக் கதையை வாசிச்சு முடியுங்கோ. பிறகு நான் கூட்டிக்கொண்டு போறன்" என்று கூறி, ஆங்கில நாவல் ஒன்றை என் கையிலே தந்தாள். 'ஐந்து சிறு இந்தியர்' எனப் பொருள்படும் தலைப்பினையுடைய அந்நூல் 2020 ஆம் ஆண்டில் வெளிவந்தது. எழுதியவர் கிரீ என்னும் பூர்வீகக் குடியினைச் சேர்ந்த மிஷெல் குட் என்ற அம்மையார், சட்டத்தரணியாகப் பணியாற்றியவர். அவருடைய அன்னையாரே வதிவிடப் பாடசாலை ஒன்றில் வளர்ந்தவர். கனடாவின் உயர்ந்த இலக்கிய விருதுகளுள் ஒன்றாகிய மகாதேசாதிபதி விருது இந்நாவலுக்குக் கிடைத்தது.

ஐந்து பிள்ளைகள்

வதிவிடப் பாடசாலை என்றதும் நம் நாட்டுக் கல்லூரி விடுதிகளை எண்ணிக்கொள்ளலாகாது. நம்மவர் தம் பிள்ளைகளைத் தாமே விரும்பி விடுதியில் விடுவர். நினைத்த நாளிற் போய்ப் பார்ப்பர். பிடிக்காவிடின் அழைத்து வந்துவிடுவர். கனடாவில் நிகழ்ந்தது வேறு. கனடிய அரசு பணம் கொடுக்க, கிறிஸ்தவத் திருச்சபைகள் நடத்திய அப்பாடசாலைகளின் நோக்கம், பூர்வீகக் குடிகளின் பிள்ளைகளைத் தாய் தந்தையரிடமிருந்து பிரித்து, அவர்தம் மொழியையும் வழக்கங்களையும் மறக்கச் செய்வதே. 1920 ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் ஏழு முதல் பதினைந்து வயது வரையுள்ள பிள்ளைகளை அங்கு கட்டாயமாகக் கொண்டு செல்ல வழி செய்தது. சென்ற பிள்ளைகளின் தலைமயிர் வெட்டப்பட்டது. தாய்மொழி பேசின் தண்டனை கிடைத்தது. பலவிடங்களிற் பெயருக்குப் பதிலாக எண் வழங்கப்பட்டது. ஏறத்தாழ 150,000 பிள்ளைகள் இவ்வாறு வளர்க்கப்பட்டனர். அவர்களுள் ஆயிரக்கணக்கானோர் வீடு திரும்பவேயில்லை. கடைசிப் பாடசாலை மூடப்பட்டது 1990 களின் பிற்பகுதியிலேதான்.

நாவலாசிரியையோ பாடசாலைக்குள் நெடுநேரம் நம்மை நிறுத்தி வைக்கவில்லை. வாயிற்கதவு திறந்த பின்னர் என்ன நேர்ந்தது என்பதே அவர் கேட்கும் கேள்வி. லூசி என்னும் சிறுமிக்குப் பதினாறு வயதானதும் ஒரு பஸ் சீட்டைக் கையிற் கொடுத்து வன்கூவருக்கு அனுப்பிவிடுகின்றனர். உற்றார் இல்லை, கைத்தொழில் இல்லை, மனிதருள் நல்லவர் யார், தீயவர் யார் என அறியும் பழக்கமும் இல்லை. முன்னரே அங்கு வந்து சேர்ந்திருந்த மெய்சி என்பவளே அவளுக்குத் தன் அறையில் இடங்கொடுக்கிறாள். கென்னி என்பவன் படகேறித் தப்பித் தாயிடம் மீள்கிறான். பிள்ளையைப் பறிகொடுத்த அத்தாயோ மதுவுக்கு அடிமையாகிக் கிடக்கிறாள். ஹவி என்பவன் தன்னை வதைத்தவனைப் பின்னாளிற் கண்டு தாக்கிச் சிறை செல்கிறான். கிளாரா என்பவள் சினத்தையே துணையாகக் கொண்டு வாழ்ந்து, முடிவில் ஒரு மூதாட்டியின் ஆதரவினாலே தேறுகிறாள். ஐவருள் எல்லாரும் கரையேறவில்லை. பிறருக்குப் புகலிடம் அளித்த மெய்சியே இளமையில் மாண்டு போகிறாள்.

என் நெஞ்சைப் பெரிதும் வருத்திய பகுதி கென்னியும் லூசியும் இல்லறம் நடத்த முயல்வதேயாகும். அவர்களுக்கு ஒரு பெண்குழந்தை பிறக்கிறது. கென்னிக்கு அக்குழந்தைமீது அன்பு இல்லாமலில்லை. ஆயினும் அவனால் வீட்டில் நிலைத்திருக்க இயலவில்லை. வருகிறான், போகிறான், மீண்டும் வருகிறான். தந்தை என்பவன் வீட்டில் எவ்வாறு இருப்பான் என்பதைக் கண்டு வளரவேண்டிய வயதில் அவன் கண்டதெல்லாம் பிரம்பும் பூட்டும் அல்லவா? குழந்தை வளர்ப்பு எந்த ஏட்டிலும் எழுதிப் படிப்பதன்று. தாயின் மடியிலும் தந்தையின் தோளிலும் இருந்தே அதைக் கற்கிறோம். அப்பாடத்தை ஒரு தலைமுறையிடமிருந்து பறித்தால், அதற்கடுத்த தலைமுறையும் தவிக்கும்.

தூணின் அடியில்

நாவலை முடித்த மறுநாட் காலையில் பல்கலைக்கழகத்துக்குப் போனோம். அந்நிலம் முஸ்குவியம் என்னும் குடியினர்க்கு உரியது. எந்த உடன்படிக்கையாலும் அவர்கள் அதனை எவருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. அகன்ற வீதியொன்றின் நடுவே நிற்கிறது அந்த மீளிணக்கத் தூண். உயரம் 55 அடி. ஏறத்தாழ 800 ஆண்டுகள் வளர்ந்த செஞ்சீடர் மரமொன்றில், ஹைடா குடியின் தலைவர்களுள் ஒருவரும் பெருஞ் சிற்பியுமான ஜேம்ஸ் ஹார்ட் அதனைச் செதுக்குவித்தார். 2017 ஆம் ஆண்டு ஏப்பிரில் முதலாந் திகதி, திரளான மக்கள் கயிறு பிடித்திழுத்து அதனை நிமிர்த்தினர்.

ஏட்டினை மேலிருந்து கீழாகப் படிக்கும் நமக்கு, இத்தூணைக் கீழிருந்து மேலாகப் படித்தல் வேண்டுமென்பது புதுமையாக இருக்கும். அடிப்பகுதி பாடசாலைகள் வருவதற்கு முந்திய காலம். சமன் மீனும், கரடித் தாயும், காகமும் அங்கே உள. மீன்கள் ஆண்டுதோறும் திரும்பி வருதற்பொருட்டுச் சடங்கு செய்யும் பூசாரியும் உளன். அதற்கு மேலே, நடுவிடத்தில், ஒரு கட்டடம். சிற்பியின் பாட்டனார் பயின்ற கொக்கலீற்சா வதிவிடப் பாடசாலையின் வடிவம் அது. அதனைச் சுற்றி ஆயிரக்கணக்கான செப்பாணிகள் அடிக்கப்பட்டுள்ளன. அப்பாடசாலைகளில் இறந்துபோன பிள்ளைகளின் நினைவுக்காக அவற்றை அடித்தவர்களுள், அங்கே பயின்று உயிர் தப்பியோரும் அவர்தம் குடும்பத்தாரும் பள்ளிச் சிறாரும் இருந்தனர்.

கட்டடத்தின் மேலே பிள்ளைகள் ஒருவரையொருவர் தாங்கியபடி நிற்கின்றனர். பாடசாலைச் சீருடை, அதன்மீது எண்கள். அவர்களுக்குப் பாதங்கள் இல்லை.

"ஏன் கால் இல்லையெண்டு தெரியுமோ, மாமா?" என்று மருமகள் கேட்டாள். "அந்தக் காலத்திலை அவைக்குக் காலூண்டி நிக்க நிலம் இருக்கேல்லை. அதுதான் சிற்பி செதுக்காமல் விட்டவர்."

நான் மறுமொழி கூறவில்லை. செதுக்காமல் விட்ட இடத்திலே இவ்வளவு பொருளை வைத்த சிற்பியை எண்ணி நின்றேன். கல்லூரி விடுதிக்கு நான் பொறுப்பாசிரியனாக இருந்த காலத்தில், இரவிலே தாயை நினைத்து விம்மிய ஒரு சிறுவனை, "ஆண்பிள்ளை அழலாமா?" என்று அதட்டி உறங்கச் செய்ததும் நினைவுக்கு வந்தது. அவனுடைய தாய் அடுத்த வெள்ளிக்கிழமையே வந்து அவனைக் கண்டு சென்றாள். இப்பிள்ளைகளுக்கு அத்தகைய வெள்ளிக்கிழமை வரவில்லை.

தூண் அத்துடன் முடியவில்லை. பிள்ளைகளுக்கு மேலே கடலையும் நிலத்தையும் வானையும் காக்கும் ஆவிகள். அவற்றுக்கு மேலே தாயும் தந்தையும் மக்களுமாக, தம் மரபுடையணிந்த ஒரு குடும்பம். அதற்கு மேலே பூர்வீகக் குடிகளைக் குறிக்கும் ஓடமும், ஏனைய கனடியரைக் குறிக்கும் படகும் அருகருகே முன்னோக்கிச் செல்கின்றன. உச்சியில், சிறகு விரித்துப் பறக்க முனையும் கழுகு.

ஹேஸ்ரிங்ஸ் வீதி

பிற்பகலில், நாவலின் மாந்தர் உலவிய கிழக்கு ஹேஸ்ரிங்ஸ் வீதிக்கு அழைத்துச் செல்லுமாறு வேண்டினேன். மருமகள் சற்றுத் தயங்கியே இசைந்தாள். செல்வம் கொழிக்கும் அந்நகரின் உட்புறத்தே அப்படியோர் இடம் இருக்குமென யார் நினைப்பர்? நடைபாதையிற் போர்வை விரித்துக் கிடப்போரும், போதைக்கு அடிமையாகித் தள்ளாடுவோரும், பழம்பொருள்களைப் பரப்பி விற்போரும் அங்கே நிறைந்திருந்தனர். அவருள் பூர்வீகக் குடியினர் பலர். நாவலை வாசியாமற் சென்றிருந்தால், "உழைக்க மனமில்லாதவர்" என்று முகஞ்சுளித்து அப்பாற் போயிருப்பேன்.

அதே வீதியிற் கிழக்கே வெகுதூரஞ் சென்றால் பூர்வீகக் குடியினரின் நட்புறவு நிலையம் உண்டு. ஊர்களிலிருந்து நகருக்கு வந்து திகைத்து நிற்போர்க்கு உதவும்பொருட்டு 1963 இல் அமைக்கப்பட்ட சங்கம் அது. அரசு பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது 2008 ஆம் ஆண்டு யூன் 11 ஆந் திகதி. உண்மை கண்டறியும் ஆணைக்குழு, ஆறாயிரத்துக்கு மேற்பட்டோரின் வாய்மொழிகளைக் கேட்டுத் தன் பணியை முடித்தது 2015 இல். இவையெல்லாம் வருவதற்கு நெடுங்காலம் முன்னரே அம்மக்கள் ஒருவர்க்கொருவர் பாயும் உணவும் ஆறுதற் சொல்லும் அளித்து எழுந்து நிற்கத் தொடங்கிவிட்டனர். லூசிக்கு மெய்சி அறையில் இடங்கொடுத்ததும், கிளாராவை மூதாட்டி தேற்றியதும் அவ்வாறே. தூணிலே பாதமில்லாப் பிள்ளைகள் ஒருவரையொருவர் தாங்கி நிற்பதன் பொருள் எனக்கு அவ்வீதியிலேதான் விளங்கியது.

விடுமுறை முடிந்து கல்லூரி தொடங்கிய நாளன்று, வழக்கம்போல வரவுப் பதிவேட்டைத் திறந்தேன். பல ஆண்டுகளாகத் தொடரிலக்கத்தைச் சொல்லியே விரைவாக வரவெடுத்து வந்தவன் நான். அன்று ஒவ்வொரு மாணவனையும் பெயர் சொல்லி அழைத்தேன். பாடம் தொடங்கச் சற்றுத் தாமதமாயிற்று. ஆயினும் அவ்வழக்கத்தை இன்றுவரை நான் விடவில்லை.