இறங்குவதும் வேண்டும்

கண்டியில் உயர்தர வகுப்புக்கு இரசாயனம் கற்பிக்கும் எனக்கு, பகுதிபடக் காய்ச்சி வடித்தல் என்னும் பாடத்தின்மேல் தனிப் பற்றுண்டு.

மதுசாரம் 78 பாகை செல்சியசிலும் நீர் 100 பாகையிலும் கொதிக்கும். ஆயினும் கலவையை ஒருமுறை காய்ச்சினால் இரண்டும் கலந்தே ஆவியாகும். ஆதலால் பொறியியலாளர் உயர்ந்த கோபுரத்துள் தட்டுகளை அடுக்குவர். ஏறும் ஆவியும் இறங்கும் திரவமும் தட்டுத்தோறும் சந்திக்கும். எளிதில் ஆவியாவது மேலேறும், மற்றையது கீழிறங்கும். 1969இல் இயங்கத் தொடங்கிய சப்புகஸ்கந்த சுத்திகரிப்பு நிலையத்தில் மசகு எண்ணெயிலிருந்து பெற்றோலும் மண்ணெண்ணெயும் பிரிவது இம்முறையாலேயே.

உச்சியிற் குளிர்ந்த திரவத்தில் ஒரு பங்கை மீண்டும் கோபுரத்துள் விடுவர். “மேலே போனதை ஏன் சேர் கீழே அனுப்ப வேண்டும்?” என்று மாணவன் ஒருவன் வினவினான். பரீட்சைக்கு இரண்டாம் முறை தோற்றவிருந்தவன் அவன். படிப்பை நிறுத்திவிட எண்ணியிருந்தார் தந்தையார்.

அப்பங்கு இறங்காவிடின் தட்டுகள் வறண்டுவிடும். ஏறும் ஆவியைத் தூய்மையாக்க எதுவுமிராது. முழுவதையும் திருப்பினாலோ ஒரு துளியும் வெளிவராது. திருப்புவது கூடினால் எரிபொருட் செலவு மிகும்; குறைந்தால் தட்டுகள் பெருகும். இவ்விரண்டுக்கும் நடுவே அளவு காண்பதே வடிவமைப்போரின் கலை. தட்டுகளின் தொகையை வரைபடத்தாலேயே கணிக்கும் வழியை 1925இல் அமெரிக்காவில் மக்கேப், தீலே என்னும் இருவர் வெளியிட்டனர்.

தந்தையாரிடம் நான் கூறியது இதுவே: “ஐயா, மறுமுறை இறங்குவது வீணன்று. எல்லையின்றி இறக்கவும் வேண்டாம். இன்னும் ஓராண்டு எரிபொருட் செலவைத் தாங்குங்கள்.”

அவர் சம்மதித்தார்.