புல்லட்டுக்கு எது ஒரிஜினல்?

அன்புள்ள சின்னவனுக்கு,

சித்தப்பா எழுதுவது. தாத்தாவின் புல்லட்டைக் கழற்றிப் போட்டிருக்கும் படத்தை உன் அண்ணன் அனுப்பியதும், பர்மிங்காமில் இங்கிலாந்து ஒரிஜினல் பார்ட்ஸ் கிடைக்கிறது, வாங்கி அனுப்பட்டுமா என்று கேட்டிருந்தாய். நல்ல மனசு. ஆனால் பணத்தைக் கட்டிவிடாதே. வண்டியின் பூர்வீகத்தைச் சொன்னால் ஏன் என்று உனக்கே புரியும்.

நீ இருக்கும் ஊரிலிருந்து ரயிலேறினால் ஒரு மணி நேரத்துக்குள் ரெடிச் வந்துவிடும். ஒரு காலத்தில் உலகத்துக்கே தையல் ஊசி செய்து கொடுத்த ஊர் அது. 1851-இல் ஜார்ஜ் டவுன்செண்ட் என்பவர் அங்கே ஊசிக்காக ஆரம்பித்த ஆலைதான் பிறகு சைக்கிளுக்கு மாறியது. என்ஃபீல்டு என்ற ஊரில் இருந்த அரசாங்கத் துப்பாக்கித் தொழிற்சாலைக்கு உதிரி பாகம் செய்து கொடுத்ததில் ‘ராயல் என்ஃபீல்டு’ என்ற பேர் வந்தது. 1901-இல் முதல் மோட்டார் சைக்கிள். புல்லட் என்ற பேர் 1930களின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது என்றாலும், நம் வண்டிக்கு மூதாதை 1940களின் கடைசியில் வந்த, பின் சக்கரத்துக்கும் ஷாக் அப்சார்பர் வைத்த 350 மாடல்தான்.

அதை இங்கே கொண்டுவந்து விற்றது மெட்ராஸ் மோட்டார்ஸ். எல்லையில் ரோந்து போக ராணுவத்துக்கு உறுதியான வண்டி வேண்டியிருந்தது. ராணுவம் மொத்தமாக வாங்க ஆரம்பித்ததும் 1955-இல் ரெடிச்காரர்களும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா கம்பெனியைத் தொடங்கினார்கள். ஆலை திருவொற்றியூரில். முதலில் பாகங்கள் கப்பலில் வந்தன, இங்கே பூட்டினார்கள். பிறகு அச்சு, கருவி எல்லாவற்றையும் விலைக்கு வாங்கி, சில வருஷங்களில் முழு வண்டியையும் இங்கேயே செய்யத் தொடங்கிவிட்டார்கள்.

அடுத்து நடந்ததுதான் வேடிக்கை. 1967-இல் ரெடிச் ஆலையை மூடினார்கள். 1970-இல் இங்கிலாந்தில் தயாரிப்பே நின்றுவிட்டது. திருவொற்றியூரில் மட்டும் புல்லட் வந்துகொண்டே இருந்தது. 1977-இல் அதை இங்கிலாந்துக்கே ஏற்றுமதி செய்தார்கள். தாத்தா வண்டி 1972-ஆம் வருஷத்தது. அது பிறந்தபோது தாய்வீட்டுக்குப் பூட்டு போட்டு ஐந்து வருஷம் ஆகியிருந்தது. அங்கே நீ பார்க்கும் பார்ட்ஸிலும் பாதிக்கு மேல் இங்கிருந்து கப்பலேறியதாகத்தான் இருக்கும். நம் சரக்கை பவுண்டு கொடுத்து வாங்கி நமக்கே அனுப்புவானேன்?

இனி நம் ஊர் கதை. புல்லட் மதறாஸில் பிறந்தது, ஆனால் அதை உயிரோடு வைத்திருந்தது ஆத்தூர் மாதிரி ஊர்களின் பட்டறைகள். இங்கே சுற்றிலும் மரவள்ளிக் காடு, ஊருக்கு ஊர் ஜவ்வரிசி ஆலை. ஆலை மெஷின் நின்றால் கிழங்கு புளித்துவிடும். அதனால் ராத்திரியானாலும் கடைசல் பிடித்துக் கொடுக்க லேத் பட்டறைகள் இருந்தன. அந்தக் கைதான் புல்லட்டையும் பார்த்தது. நாற்பது வருஷத்துக்கும் மேல் இன்ஜினின் அடிப்படை மாறாததால், அப்பனிடம் தொழில் கற்ற மகனுக்கும் அதே வேலைதான். டீசல் மலிவாக இருந்த காலத்தில் சின்ன டீசல் இன்ஜினைத் தூக்கி இதன் சேஸில் வைத்தவர்களும் உண்டு. பின்னால் கம்பெனியே டாரஸ் என்று ஒரு டீசல் புல்லட் போட்டது. பெட்ரோல் செலவு பாதியானது வாஸ்தவம்தான். அதன் அதிர்வை என் முதுகு இன்னும் மறக்கவில்லை.

இன்ஜினைப் பிரித்ததில் தாத்தாவின் வாழ்க்கையே தெரிகிறது. சிலிண்டருக்குப் போர் 70 மி.மீ., ஸ்ட்ரோக் 90 மி.மீ., 346 சிசி. பிஸ்டன் நீளமாக ஏறி இறங்குவதால்தான் அந்த ‘டப் டப்’ சத்தம். தேய்ந்தால் சிலிண்டரை அகலப்படுத்தி, ஆயிரத்தில் ஒரு அங்குலக் கணக்கில் 20, 40, 60 என்று ஓவர்சைஸ் பிஸ்டன் போடுவார்கள். இதில் ஏற்கெனவே 40 போட்டிருக்கிறது. இப்போது 60-க்குப் போகிறோம், அதற்குப் பிறகு ஸ்லீவ்தான். கியர் பாக்ஸ் பக்கத்தில் ஒரு பித்தளை புஷ் இருக்கிறது, கம்பெனி சரக்கு இல்லை, யாரோ நம் ஊரில் கடைந்தது. அளவு சுத்தம். கிளட்ச் கவரில் உடைசலை கேஸ் வெல்டிங் வைத்து அடைத்த தழும்பு. புதுக் கவர் போட்டு மினுக்கலாம் என்கிறான் உன் அண்ணன். நான் விடவில்லை. ஐம்பது வருஷம் ஓடிய வண்டிக்கு ஷோரூம் முகம் ஒட்டாது. ஓட்டத்துக்கும் உயிருக்கும் ஆபத்தானதை மட்டும் மாற்றுகிறோம்: டயர், பிரேக் ஷூ, கேபிள், ஒயரிங். ஆறு வோல்ட் லைட்டை வைத்துக்கொண்டு இந்த நாலுவழிச்சாலையில் ராத்திரி போக முடியாது, அதனால் பன்னிரண்டாக்கியாச்சு. வலது காலில் கியர், இடது காலில் பிரேக் அப்படியே இருக்கும். நீ வந்து ஓட்டினால் பிரேக் என்று நினைத்துக் கியரை மிதிப்பாய், ஜாக்கிரதை.

டேங்க்தான் பெரிய தலைவலி. இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அது ஈரத்தை இழுக்கும், உள்ளே துரு ஏறும், பழைய ரப்பர் ஊறி இற்றுப்போகும். டியூபெல்லாம் புதுசு போட்டு, உள்ளே துரு தட்டிப் பூச்சு கொடுத்திருக்கிறோம். ஓட்டாமல் நிறுத்துவதானால் பெட்ரோலை வடித்துவிட வேண்டும்.

பேப்பர் விஷயத்தையும் கேட்டிருந்தாய். 2021-இல் வந்த மத்திய அரசு விதிப்படி, ஐம்பது வயது தாண்டிய, பெரிதாக மாற்றாத வண்டியை விண்டேஜ் என்று பதியலாம். நம்பரில் ‘விஏ’ என்ற எழுத்து வரும். கௌரவம்தான். ஆனால் அப்படிப் பதிந்தால் கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போட, ரிப்பேருக்கு என்றுதான் ரோட்டில் இறக்கலாம். தலைவாசல் மார்க்கெட்டுக்குக் கத்தரிக்காய் வாங்கப் போக முடியாது. அப்புறம் எதற்கு இத்தனை பாடு? அதனால் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை எஃப்சி காட்டி, வழக்கமான முறையில் ஆர்சியைப் புதுப்பித்துக்கொள்கிறோம். இருபது வருஷம் தாண்டிய இரு சக்கர வண்டிக்கு 2025-இல் கட்டணத்தை 2,000 ரூபாய் ஆக்கிவிட்டார்கள். பரவாயில்லை, கொடுக்கலாம்.

உனக்கு அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றிருந்தால் ஒன்று சொல்கிறேன். இந்த வண்டியில் பாதி நட்டு போல்ட் மி.மீ. அளவில் வராது, பழைய இங்கிலீஷ் விட்வொர்த் அளவு. மி.மீ. ஸ்பானர் போட்டால் வழுக்கி மூலை மழுங்குகிறது. அந்த ஸ்பானர் செட் இங்கே நல்லதாகக் கிடைப்பது அரிது. உங்கள் ஊர் பழைய சாமான் சந்தையில் துருப்பிடித்ததாகவாவது கிடைக்கும். பார்ட்ஸ் வேண்டாம், அதை வாங்கி, பொங்கலுக்கு வரும்போது கையோடு கொண்டுவா. செக்-இன் பெட்டியில் போடு, கைப்பையில் வைத்தால் ஏர்போர்ட்டில் பிடுங்கிக்கொள்வார்கள்.

அன்புடன்,
சித்தப்பா
ஆத்தூர்