எரிந்ததா, எரித்தார்களா?

விக்கிப்பீடியாவில் யாரும் எழுதலாம். எழுதினதை யாரும் மாற்றலாம். இந்த இரண்டாவது வசனம் எவ்வளவு பாரமானது எண்டு, எங்கட ஊர் வரலாற்றைப் பற்றி நாலு வரி எழுதிப் பார்த்தால்தான் விளங்கும்.

நாங்கள் சில பேர் சேர்ந்து யாழ்ப்பாணப் பொது நூலகம் பற்றி எழுதத் தொடங்கினோம். எல்லாருமே 1981க்குக் கனகாலம் பிறகு பிறந்த ஆக்கள். எங்களுக்குத் தெரிந்தது திருத்திக் கட்டின வெள்ளைக் கட்டடம் மட்டும்தான்.

முதல் சண்டை ஒரு வினைச்சொல்லுக்கு. "நூலகம் எரிக்கப்பட்டது" எண்ட எங்கட வரியை ஆரோ ஒருத்தர் "நூலகம் எரிந்தது" எண்டு மாற்றிவிட்டார். காரணம் எழுதும் பெட்டியில் ஒரே ஒரு சொல்: நடுநிலை. எங்களில் ஒருத்தி சொன்னாள், "எரிஞ்சது எண்டா வயர் ஷோர்ட்டாகி எரிஞ்ச மாதிரியெல்லோ கிடக்கு." சரியான கதை. "எரிந்தது" எண்ட சொல்லில் ஆளே இல்லை. பார்க்கச் சாதுவான சொல். ஆனால் செய்தவர்களை வசனத்திலிருந்து மெல்ல வெளியே அனுப்பிவிடுகிறது. நேரில் கண்டவர்கள் பொலிசாரைக் குறிப்பிட்டிருக்கிறார்கள். 2016இல் பிரதமராக இருந்த ரணில் விக்கிரமசிங்க பாராளுமன்றத்திலேயே இதற்கு மன்னிப்புக் கேட்டார். தானாக எரிந்ததற்கு ஆரும் மன்னிப்புக் கேட்பதில்லை. உரையாடல் பக்கத்தில் இதைத்தான் எழுதினோம். "எரிக்கப்பட்டது" திரும்பி வந்தது.

இரண்டாவது சண்டை எங்களுக்குள்ளேயே. 1981 மே 31ஆம் திகதி நாச்சிமார் கோயிலடியில் தமிழர் விடுதலைக் கூட்டணியின் தேர்தல் கூட்டம் நடந்தது. அங்கே பொலிசார் மீது துப்பாக்கிச் சூடு நடந்து, பொலிஸ்காரர் இருவர் இறந்தார்கள். அன்றிரவுதான் எரிப்புத் தொடங்கியது. இந்த வரியைப் போடுவதா, விடுவதா?

"போட்டால், அதுக்காகத்தான் எரிச்சவை எண்டு நியாயம் சொல்ல வெளிக்கிடுவினம்" எண்டான் ஒருத்தன்.

"போடாட்டில், 'எரிஞ்சது' எண்டு மாத்தின ஆளுக்கும் எங்களுக்கும் என்ன வித்தியாசம்?" எண்டாள் மற்றவள்.

இரண்டு நாள் இதே கதைதான். கடைசியில் வரியைப் போட்டோம். "அதனால் நூலகம் எரிக்கப்பட்டது" எண்டு இல்லை. சூடு எப்போது, தீ எப்போது எண்டு நடந்த ஒழுங்கில் மட்டும். "அதனால்" எண்ட ஒரு சொல், ஆயிரக்கணக்கான புத்தகங்களை இரண்டு கொலைக்கான விலையாக மாற்றிவிடும். "அதன் பிறகு" எண்டால் அப்படி இல்லை. இறந்த பொலிஸ்காரருக்கும் அந்தப் பக்கத்தில் ஒரு வரி இருக்கத்தான் வேணும். அந்த வரி இருப்பதால் தீயின் சூடு குறையவில்லை.

மூன்றாவது விஷயம் எங்களுக்குக் கொஞ்சம் கசந்தது. யாழ்ப்பாண வைபவமாலையின் ஒரே பிரதி இந்தத் தீயில் அழிந்தது எண்டு பல இடங்களில் வாசிக்கலாம். ஆனால் அது முன்பே அச்சேறின நூல். பிறிற்றோவின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1879இலேயே கொழும்பில் வெளிவந்துவிட்டது. இன்றைக்கும் எடுத்து வாசிக்கலாம். "ஒரே பிரதி" எண்ட கதை எங்கட சோகத்துக்கு நல்லாப் பொருந்தும். ஆனால் அது பிழை எண்டு ஒருத்தர் காட்டிவிட்டால், பக்கத்தில் இருக்கிற 97,000 எண்ட எண்ணையும் சேர்த்துச் சந்தேகப்படுவார். மெய்யான இழப்பே மலையளவு இருக்கேக்க, அதுக்கு மேல ஒரு கூடை மண் எதுக்கு?

நடுநிலை எண்டால் நடுவில் நிற்பது எண்டுதான் கனபேர் நினைக்கிறார்கள். இந்தப் பக்கம் ஐந்து வரி, அந்தப் பக்கம் ஐந்து வரி எண்டு பங்கு பிரிக்கிற வேலை. விக்கிப்பீடியாவின் விதி அப்படிச் சொல்லவில்லை. நம்பகமான வெளியீடுகளில் ஒரு கருத்துக்கு எவ்வளவு இடம் இருக்கிறதோ, கட்டுரையிலும் அந்த அளவுக்கே இடம். கருத்தெண்டால் ஆருடைய கருத்து எண்டு சொல்ல வேணும். "பயங்கரவாதி" மாதிரியான சொற்களைக் கட்டுரை தன்ர வாயால் சொல்லக்கூடாது. நல்ல விதிதான்.

ஆனால் அந்த விதிக்கு முன்னால் இன்னொரு கேள்வி இருக்கு. வெளியீடு ஆரிட்ட இருக்கு? அந்தத் தீயின் நாட்களில் ஈழநாடு பத்திரிகை அலுவலகமும் எரிக்கப்பட்டது. நடந்ததை எழுதக்கூடிய பத்திரிகை, எழுதினதைச் சேர்த்து வைக்கக்கூடிய நூலகம், இரண்டும் ஒரே கிழமையில். பிறகு வந்த இடப்பெயர்வுகளில் வீட்டுப் புத்தகங்களும் போயின. "சான்று தேவை" எண்ட குறிச்சொல் எல்லாருக்கும் ஒரே மாதிரித்தான் ஒட்டப்படுகிறது. ஆனால் சான்றை எரியக் கொடுத்தவர்களுக்கு அது வேறமாதிரிக் கேட்கும்.

எங்களில் ஒருத்தனின் அப்பம்மா அந்தப் புகையைப் பார்த்தவ. அவ சொன்னதை அங்கே எழுத ஏலாது. சொந்த ஆய்வுக்கு அங்கே இடமில்லை. அந்த விதியோடு எங்களுக்குக் கோபமும் இல்லை. எங்கட அப்பம்மாவை விட்டால், எல்லாற்ற அப்பம்மாவையும் விட வேணும்.

அதனால் சண்டையை உரையாடல் பக்கத்தில் மட்டும் பிடித்துக்கொண்டிருந்து காணாது. அதுக்கு முந்தின வேலை ஒண்டு இருக்கு. பதிவது, அச்சிடுவது, பாதுகாப்பது. 2005இலிருந்து நூலகம் இணையத்தளம் பழைய புத்தகங்களையும் சஞ்சிகைகளையும் ஒவ்வொரு பக்கமாக மின்வடிவாக்கி வருகிறது. உங்கட வீட்டு அலுமாரியிலும் ஒரு பாடசாலை மலரோ, அந்தியேட்டிக்கு அடிச்ச கல்வெட்டோ, கும்பாபிஷேக மலரோ கிடக்கும். கறையான் போக முதல் எடுத்துத் தூசி தட்டுங்கோ. கதை சொல்ல ஆள் இருந்தால், பெயரும் திகதியும் போட்டு எழுதி வையுங்கோ, எங்கயாவது அச்சில வரப் பாருங்கோ. பத்து வருசத்துக்குப் பிறகு ஆரோ ஒரு பெடியன் "சான்று தேவை" எண்டு கேட்கேக்க, காட்டுறதுக்கு ஒரு பக்க எண்ணாவது இருக்கட்டும்.