வாப்பாவின் தூண்டிற்கம்பு



மதரஸாவில் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கும் ஒருவன் தூண்டிற்கம்பு கட்டுவதைப் பற்றி எழுதுவது உங்களில் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். மன்னார் வளைகுடாவை ஒட்டிய ஊரில் பிறந்தவனுக்கு அது அத்தனை தொலைவான செய்தி அன்று. கடந்த ஆண்டு ஒரே கம்பை நான் மூன்று முறை கட்டினேன். முதல் இரண்டு முறை தவறிய காரணத்தையும், அத்தவற்றால் என் வாப்பாவின் மனத்தை நோகச் செய்ததையும் எழுதிவைக்க விரும்புகிறேன். மற்றவருக்குப் பயன்படலாம்.

வாப்பா பதினெட்டு ஆண்டுகள் குவைத்தில் உழைத்தார்கள். ஊருக்குத் திரும்பியபோது கொண்டுவந்த பொருட்களில் இன்றும் எஞ்சியிருப்பது ஒரு தூண்டில் ரீல் மட்டுமே. கம்பின் மேற்புறத்தில் அமரும் வகையைச் சேர்ந்தது அது. அஸர் தொழுததும் அந்த ரீலுடன் கடற்பாலத்திற்குச் செல்வதும், மஃரிப் பாங்கு ஒலிக்குமுன் பள்ளிக்குத் திரும்புவதும் அவர்களுடைய வழக்கம். கிடைக்கும் விளமீனும் பாறையும் பெரும்பாலும் அண்டை வீடுகளுக்கே போகும்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் வலப்பக்கத்தில் வாதம் தாக்கியது. அல்லாஹ்வின் கிருபையால் பேச்சு திரும்பியது, நடையும் திரும்பியது. பொருளைப் பற்றும் வலிமையும் ஓரளவு திரும்பியது. மணிக்கட்டு மட்டும் திரும்பவில்லை. கதவின் சாவியை அவர்களால் பிடிக்க முடியும், திருக முடியாது. பரணில் கிடந்த பழைய கம்போ வெடித்துப் போயிருந்தது. "ஒரு கம்பு இருந்தா உக்காந்துகிட்டே போடுவேன்" என்று ஒருநாள் சொன்னார்கள். நோய்க்குப் பின் அவர்கள் வாய்விட்டுக் கேட்ட முதல் பொருள் அதுதான்.

துபாயிலிருந்து விடுமுறைக்கு வந்த என் மைத்துனர் ஒரு 'பிளாங்க்' கொண்டுவந்தார். கைப்பிடி, ரீல் இருக்கை, வளையங்கள் எதுவும் பொருத்தாத வெற்றுக் கம்பையே அவ்வாறு அழைக்கிறார்கள். ஏழு அடி நீளம், ஒரே துண்டு. பொருத்தும் உறுப்புகளும் நூலும் பசையும் தனியே வந்தன. கட்டும் முறையைப் படித்தும் காணொளிகளைப் பார்த்தும் கற்றுக்கொண்டேன். கற்க வந்தவனுக்கு அனைவரும் முதலில் சொன்ன பாடம் ஒன்றே: "கம்பின் ஸ்பைனைக் கண்டுபிடி."

ஸ்பைன் என்றால் முதுகெலும்பு. உள்ளே துளையுள்ள ஒரு குழலுக்கு முதுகெலும்பு எங்கிருந்து வந்தது? அது செய்யப்படும் விதத்தில்தான் விடை இருக்கிறது. பிசின் ஊட்டிய கரியிழை அல்லது கண்ணாடியிழைத் துணியை, அடி பருத்து நுனி சிறுத்த எஃகுக் கம்பியின்மேல் பாய் சுருட்டுவதுபோல் இறுகச் சுற்றுகிறார்கள். அதன்மேல் நாடா சுற்றி அடுப்பில் வேகவைத்து, பிசின் இறுகியபின் எஃகுக் கம்பியை உருவிவிடுகிறார்கள். துணியின் ஓரம் தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் சுவரின் கனம் சற்று மாறுபடும். ஆகவே எல்லாத் திசைகளிலும் கம்பு ஒரே அளவாக வளைவதில்லை. ஒரு பக்கம் சற்று விறைப்பாக நிற்கும். அதையே முதுகெலும்பு என்கிறார்கள்.

அதைக் கண்டறியும் வழி எளியது. வழவழப்பான தரையில் கம்பின் அடியை ஊன்றி, கம்பைச் சாய்வாக வைத்து, நுனிப்பக்கத்தை விரித்த உள்ளங்கையின்மேல் தாங்கிக்கொள்ள வேண்டும். மறுகையால் நடுப்பகுதியை அழுத்தி வளைத்தபடியே உருட்ட வேண்டும். உருண்டுகொண்டே வரும் கம்பு ஓரிடத்தில் சட்டென்று துள்ளித் தானாக நிலைகொள்ளும். எளிதாக வளையும் திசையை அது தேடிக்கொண்டது என்று பொருள். அந்நிலையில் அடையாளமிட்டு, அந்தக் கோட்டை ஒட்டியே வளையங்களைக் கட்ட வேண்டும், தவறினால் மீன் இழுக்கும்போது கம்பு கையில் முறுக்கிக்கொள்ளும் என்பது பரவலாகச் சொல்லப்படும் விதி.

எங்கள் வீட்டு மொசைக் தரையில் அதைச் செய்தேன். கம்பு துள்ளியது. என் பன்னிரண்டு வயது மகன் வெள்ளைப் பென்சிலால் கோடிட்டான். எட்டு வளையங்களையும் நுனி வளையத்தையும் ரீல் இருக்கும் மேற்புறத்திலேயே வரிசையாக வைத்து நூலால் கட்டினேன். நூலின்மேல் எபாக்ஸிப் பசை பூசினால் அது இறுகும்வரை கம்பைச் சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இல்லையெனில் பசை ஒரு பக்கமாக வழிந்து தேங்கிவிடும். சுழற்றும் மோட்டார் என்னிடம் இல்லை. இஷாவுக்குப் பின் உட்கார்ந்து, சில நிமிடங்களுக்கு ஒருமுறை கையாலேயே திருப்பித் திருப்பி நள்ளிரவைக் கடத்தினேன்.

வாப்பா கடற்பாலத்தில் நாற்காலியில் அமர்ந்து தூண்டில் போட்டார்கள். முதல் மீன் இழுத்தவுடன் கம்பு அவர்கள் கையில் புரண்டது. ரீல் பக்கவாட்டில் சாய்ந்தது. நான் ஓடிப்போய்ப் பிடித்தேன். "இது என் கையோட சண்ட போடுதும்மா" என்று சிரித்தார்கள்.

குற்றம் என் அடையாளத்தில்தான் என்று முடிவு செய்தேன். கம்பைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தபோது அது முற்றிலும் நேராக இல்லை, மிகச் சிறிய வளைவு ஒன்று இயல்பாகவே இருந்தது என்பது தெரிந்தது. வளைந்த குச்சியைத் தரையில் உருட்டினால் அதுவும் ஒரு பக்கமாகப் படுத்துக்கொள்ளும் அல்லவா? மெதுவாக அழுத்தியபோது கம்பு ஓரிடத்தில் நின்றது. நன்றாக வளைத்தபோது வேறோரிடத்தில் நின்றது. நான் முதுகெலும்பு என்று குறித்தது அந்த வளைவைத்தான் என்று எண்ணினேன். நூலைப் பிளேடால் கீறி, பசையைச் சூடாக்கி உரித்து, கைப்பிடியைக் கொதிநீரில் இளக்கிக் கழற்றினேன். புதிய கோட்டில் முழுவதையும் மறுபடி கட்டினேன். வளையங்கள் இம்முறையும் மேற்புறத்திலேயே இருந்தன.

இரண்டாவது கம்பும் புரண்டது.

அன்று நான் சொன்ன சொல்லை இன்றும் மறக்க முடியவில்லை. "வாப்பா, கம்புல இப்ப ஒரு குறையும் இல்ல. உங்க கையிலதான் பலம் இல்ல." சினத்துடன் சொல்லவில்லை, ஆறுதல் சொல்வதாகவே எண்ணிக்கொண்டேன். அவர்கள் எதுவும் பேசாமல் ரீலைக் கழற்றித் துணியில் சுற்றினார்கள். அதன்பின் இரண்டு மாதங்கள் கடற்பாலத்திற்கு வரவில்லை. அஸர் தொழுதபின் பள்ளியின் தூணில் சாய்ந்தபடி அமர்ந்திருப்பார்கள். கேட்டால், "வெயிலு" என்பார்கள்.

கம்பு சுவரோரம் நின்றது. அதைப் பார்க்கும்போதெல்லாம் என் சொல் என்னையே குத்தியது. ஒரு விடுமுறை நாளில் வளையங்களை மீண்டும் உரித்தெடுத்தேன். சோதித்து அறியாமல் இனி ஒரு நூல்கூடச் சுற்றுவதில்லை என்று உறுதிகொண்டு, வளையங்களைக் காகித ஒட்டுப்பட்டையால் மட்டும் ஒட்டினேன். தங்கூசியைக் கைப்பிடியில் முடிந்து, வளையங்களின் ஊடே செலுத்தி, மறுமுனையில் ஒரு லிட்டர் தண்ணீர் போத்தலைக் கட்டினேன். பிறகு என் மகனிடம், "இறுக்கிப் பிடிக்காதே, அப்பா பிடிப்பதுபோல் தளர்வாகப் பிடி" என்றேன். பாட்டனாரை எங்கள் ஊரில் 'அப்பா' என்றே அழைப்போம்.

வளையங்கள் மேலே இருக்குமாறு அவன் கம்பைத் தூக்கினான். போத்தலின் எடை இறங்கியதும் கம்பு அவன் கையில் புரண்டு, வளையங்கள் கீழே வந்தபின்தான் அமைதியுற்றது. வளையங்களைக் கழற்றி எதிர்ப்பக்கத்தில் ஒட்டினேன். மேலே வைத்துத் தூக்கியபோது மறுபடியும் புரண்டது. இடப்பக்கக் கோட்டில் ஒட்டினேன். வலப்பக்கக் கோட்டில் ஒட்டினேன். முதுகெலும்பு எந்தத் திசையில் இருந்தாலும் விளைவு ஒன்றே. வளையங்கள் மேலே இருந்தால் கம்பு புரண்டது. கீழே இருந்தால் அசையாமல் நின்றது.

என் மகன்தான் சொன்னான்: "வாப்பா, கோடு எங்க இருந்தாலும் ஒண்ணுதான். பாரம் மேலேருந்து கீழே வரப் பாக்குது."

அவன் சொன்னதே உண்மை. வளையங்கள் கம்பின் மேல் எழும்பி நிற்கின்றன. மீனின் இழுப்போ கீழ்நோக்கியது. அந்த இழுப்பு வளையத்தின் உச்சியைப் பிடித்துக் கம்பையே சுழற்றி, தனக்கு இசைவான அடிப்பக்கத்திற்குச் செல்ல முயல்கிறது. குடத்தைக் கைப்பிடிச்சுவரின்மேல் வைத்தால் எப்போது கவிழுமோ என்று பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். அதே குடத்தைக் கயிற்றில் தொங்கவிட்டால் பிடிக்க ஆள் வேண்டியதில்லை. வலிய மணிக்கட்டு உள்ளவர் அந்தச் சுழற்சியைத் தம்மையறியாமலே தடுத்துவிடுகிறார். ஆகவே அப்படியொன்று இருப்பதே அவருக்குத் தெரிவதில்லை. வாப்பாவின் கை அதை உள்ளபடி அறிந்தது. அறிந்ததைச் சொல்லவும் செய்தது. நான்தான் கேட்கவில்லை.

வளையங்கள் கீழே இருக்கும் கம்புக்கென்று வேறு வகை ரீல் உண்டு. ஆனால் குவைத்து ரீலை விட்டுவிடும்படி வாப்பாவிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதற்கும் ஒரு வழி இருந்தது. சுருள்கட்டு முறை என்று அதைச் சொல்லலாம். ரீலுக்கு அடுத்துள்ள முதல் வளையம் மேலே இருக்கும். இரண்டாவது சற்றுப் பக்கவாட்டில் இறங்கும். மூன்றாவது இன்னும் இறங்கும். நான்காவது அடிப்பக்கத்தை அடையும். அங்கிருந்து நுனிவரை எல்லா வளையங்களும் கீழேயே இருக்கும். தங்கூசி கம்பைச் சுற்றி மெல்ல இறங்கிச் செல்லும். பார்வைக்குக் கோணலாகத் தோன்றும். பாரம் ஏறினால் அசையாது. மூன்றாம் முறை அவ்வாறே கட்டினேன்.

கம்புக்கு முதுகெலும்பே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. அது இருக்கிறது, கம்பு எந்தத் திசையில் சற்று விறைப்பாக வளையும் என்பதை அது தீர்மானிக்கிறது. இயல்பான வளைவும் இருக்கிறது. கம்பு பார்வைக்கு நேராகத் தெரிய வேண்டுமானால் அதையும் கவனிக்க வேண்டும். ஆயினும் என் வாப்பாவின் கையில் கம்பு புரண்டதற்கு அவையிரண்டும் காரணம் அல்ல. பாரத்தை நான் தவறான பக்கத்தில் ஏற்றினேன். பழியை முதலில் கம்பின் எலும்பின்மீதும் பின்னர் ஒரு நோயாளியின் கையின்மீதும் போட்டேன்.

இந்த எண்ணம் மதரஸாவிலும் என்னை விடவில்லை. என்னிடம் ஓதும் மாணவன் ஒருவனைப் பற்றி, "மனனத்திறன் குறைவு" என்று அவன் வீட்டாருக்கு எழுதியனுப்பியிருந்தேன். ஃபஜ்ருக்குப் பின் பாடம் ஒப்புவிக்கும்போது அவன் திணறுவான். ஒருநாள் அருகில் அழைத்து விசாரித்தேன். அவன் தகப்பனார் மீன் ஏலக்கூடத்தில் வேலை செய்கிறார். விடியுமுன்பே எழுந்து அவருக்குக் கூடை தூக்கிக் கொடுத்துவிட்டு வருகிறான். பாடத்தை அஸருக்குப் பின் மாற்றினேன். இன்று அவன் வகுப்பில் முதல்வன் ஆகிவிட்டான் என்று சொன்னால் அது பொய்யாகும். திணறல் குறைந்திருக்கிறது. நான் எழுதிய அந்த வரியைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக அவன் வீட்டிற்கே போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.

கம்பு உலர்ந்த மறுநாள் அஸருக்குப் பின் பள்ளித் தூணருகே சென்று வாப்பாவின் முன் அமர்ந்தேன். "கை மேல குத்தம் சொன்னது என் தப்பு வாப்பா. மாஃப் பண்ணிடுங்க" என்றேன். அவர்கள் கம்பை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். "என்னம்மா இது, வளையமெல்லாம் கொடி மாதிரி சுத்திப் போவுது?" என்றார்கள். வேறொன்றும் கேட்கவில்லை. எழுந்து செருப்பைத் தேடினார்கள்.

அன்று அகப்பட்டது உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிய பாறைக்குஞ்சு ஒன்றுதான். அது இழுத்தபோது நான் ஓடிப்போய்ப் பிடிக்க எழுந்தேன். வாப்பா இடக்கையை உயர்த்தி என்னைத் தடுத்தார்கள். கம்பு வளைந்தது, ரீல் நிமிர்ந்தே நின்றது. மெல்ல மெல்லச் சுற்றி மேலே எடுத்தார்கள். பேரன் முள்ளைக் கழற்றி, குஞ்சைக் கடலிலேயே விட்டான்.

"இப்பச் சண்ட போடல" என்றார்கள்.

மஃரிப் பாங்குக்கு இன்னும் நேரம் இருந்தது. மறுபடியும் இரை மாட்டச் சொன்னார்கள்.

வாப்பாவின் உடல்நலத்திற்காக துஆச் செய்யுங்கள். வஸ்ஸலாம்.