தேர்ச்சி அறிக்கையில் ஒரு சொல்

பதினோராம் தரத்தில் எனது தேர்ச்சி அறிக்கையில் ஆங்கில ஆசிரியை ஒரேயொரு சொல்தான் எழுதியிருந்தார்: 'ஒப்ஸ்டினேட்'. கட்டுரையொன்றின் முடிவை மாற்றச் சொல்லியிருந்தார். நான் மூன்று முறையும் அதே முடிவையே எழுதிக் கொடுத்தேன். ஆகவே அவர்மீது எனக்குக் கோபமில்லை.

சிக்கல் களுபோவிலயில் எங்கள் வீட்டில்தான் தொடங்கியது. உயர்தரத்தில் தமிழ் படிக்கக் கலைப்பிரிவுக்குப் போவேன் என்று நானும், வர்த்தகப் பிரிவுதான் என்று வாப்பாவும் மூன்று மாதமாக இழுபறிப்பட்டுக்கொண்டிருந்தோம். கையொப்பமிட வந்த வாப்பா அந்தச் சொல்லில் விரலை வைத்தார்.

"இதுல என்ன எழுதீக்கி மகள்?"

வாப்பா கணக்கில் புலி. ஆங்கிலம் அவ்வளவாக வராது.

"உறுதியான புள்ளையாம்" என்றேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. அன்று மாலையே வெள்ளவத்தை மாமிக்குத் தொலைபேசியில் சொல்லியும் விட்டார். எனக்கு இரவுச் சாப்பாடு இறங்கவில்லை.

அந்தச் சொல்லுக்குப் பிடிவாதக்காரி என்று பொருள் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் இன்னும் மென்மையான பொருள் ஏதும் அகப்படாதா என்று நூலகத்தில் பெரிய அகராதியைப் புரட்டினேன். அகப்பட்டது. அதன் மூலம் 'ஒப்ஸ்டினாரே' என்னும் லத்தீன் சொல். மனத்தை ஒன்றில் உறுதியாக நிறுத்துதல் என்று அர்த்தம். நான் சொன்ன பொய் லத்தீனில் உண்மை! உள்ளே கிடக்கும் வேர் 'நிற்றல்'. விதியைக் குறிக்கும் 'டெஸ்டினி' என்ற சொல்லும் அதே வேரில் பிறந்ததாம். உம்மா எதற்கெடுத்தாலும் சொல்லும் 'நஸீபு'க்கும் எனது குணத்துக்கும் ஆங்கிலத்தில் சொந்தம் இருக்கிறது.

'ஸ்டபர்ன்' என்ற சொல்லையும் பார்த்தேன். வெட்டிய மரத்தின் அடிக்கட்டையைக் குறிக்கும் 'ஸ்டப்' என்பதிலிருந்து அது வந்ததென்று சொல்வார் உண்டு. அகராதிக்காரர்கள் இன்னும் அதை ஒப்புக்கொள்ளவில்லை. அவர்களும் லேசான ஆட்கள் இல்லைப் போலும்.

அவர்கள் நிற்கிறார்கள், நாம் பிடிக்கிறோம். பிடியும் வாதமும் சேர்ந்ததே நமது பிடிவாதம். எனக்கென்னவோ நம் சொல்தான் சரியாகப் படுகிறது. வாப்பாவோடு வாதாடும்போது என் விரல்கள் உண்மையிலேயே மடங்கிக்கொள்ளும்.

அன்றிரவு எல்லாவற்றையும் சொன்னேன், லத்தீன் உட்பட. வாப்பா லத்தீனைக் கவனிக்கவில்லை.

"அப்ப மூணு மாசமா நான் கொமர்ஸ் படி, கொமர்ஸ் படி எண்டு சொல்றேனே, அதுக்கு என்ன பேர்?"

"அதுக்கும் இதே பேர்தான் வாப்பா."

குசினியில் உம்மா சிரித்தது கேட்டது. வாப்பா பதில் சொல்லாமல் தொப்பியை எடுத்துக்கொண்டு இஷாவுக்குப் போய்விட்டார்.

இப்போது நான் கலைப்பிரிவில் படிக்கிறேன். எனக்கென்று முன்கூட்டியே வாங்கி வைத்த கணக்கீட்டுப் புத்தகத்தை வாப்பா தம்பிக்காக அலுமாரியில் பத்திரப்படுத்தியிருக்கிறார். தம்பி ஏழாம் தரம்.